ட்யூஷனா, ஹாஸ்டலா, செயலியா, வீட்டு முகப்பா: ஒன்பதாம் வகுப்புக்கு எது?

போன மே மாதம் புதுவயலிலிருந்து தங்கை போன் செய்தாள். அக்காவை எங்கள் பக்கம் ஆச்சி என்போம். "ஆச்சி, இவன் தானா உக்காந்து படிக்கவே மாட்டேங்கிறான். எங்கயாச்சும் சேத்துவிடணும். ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றாள். தானாகப் படிக்காத பிள்ளையை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது. நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதான் வைத்தியம்.

நான் இருக்கும் கண்டனூரிலிருந்து புதுவயல் கூப்பிடு தூரம். அன்று மாலையே போனேன். மேசையில் இரண்டு நோட்டீஸ் கிடந்தன: காரைக்குடியில் ஒரு ட்யூஷன் சென்டர், வெளி மாவட்டத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளி. படிப்புச் செயலி விற்கும் ஆள் முந்தின நாள் நேரிலேயே வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். நாலாவதாக, "பேசாம வீட்டுலயே படிக்கட்டுமே" என்பது தங்கை வீட்டுக்காரரின் கட்சி. அரிசி மில்லிலிருந்து இரவு ஒன்பதுக்கு வருகிறவர் அவர். அவர் சொல்கிற 'வீட்டுலயே' என்பதில் யார் கூட இருப்பார்கள் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

ட்யூஷனில் விடுமுறையிலேயே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள், பையனும் 'போய்த்தான் பார்க்கட்டுமே' என்று மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருந்தான். நோட்டைப் புரட்டினேன். விகிதமுறா மூலங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு, விடைக்கு இரட்டைக் கட்டம், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக். நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு தாளில் √72 என்று எழுதி, சுருக்கச் சொன்னேன். நாலு நாள் முன்பு அவன் போட்ட மாதிரிக் கணக்குதான், எண் மட்டும் வேறு. 72ஐ 36 × 2 என்று சரியாகவே பிரித்தான். அப்புறம் 36√2 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

தப்பு பெரிதில்லை. 36ஐ வெளியே எடுக்கும்போது 6 ஆக்க மறந்துவிட்டான். 22 வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன், வகுப்புக்குப் பத்துப் பேர் இதைச் செய்வார்கள். என்னை உறுத்தியது அந்தப் பார்வை. எட்டெட்டு அறுபத்து நாலு, ஒன்பதொன்பது எண்பத்தொன்று. அப்படியானால் √72 எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். 36√2 ஐம்பதைத் தாண்டிப் போகிறது. அரை நிமிஷத்தில் அவனே பிடித்திருக்கலாம். ஆனால் விடை சரியா தப்பா என்பது அவனுக்குத் தாளில் இல்லை, டீச்சர் முகத்தில் இருக்கிறது. நான் புருவத்தை லேசாக உயர்த்தினேன். உடனே ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கினான், எதை அழிக்கிறோம் என்று தெரியாமலே.

அதனால் நாலு வழிகளையும் ஒப்பிட உட்கார்ந்தபோது கட்டணத்தையும் மார்க்கையும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஒவ்வொன்றிடமும் கேட்டது இவைதான்: இன்றைக்கு என்ன படிப்பது என்று தீர்மானிப்பது யார்? தப்பை முதலில் பார்ப்பது யார்? அப்புறம், சாரத்தை எப்போது பிரிப்பீர்கள்?

சாரம் என்றது கொத்தனார் கட்டுகிற சாரத்தைத்தான். 1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து கல்வி உலகம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. தனியாக முடியாததைப் பிள்ளை செய்து முடிக்கப் பெரியவர் கொடுக்கும் தாங்கல், பிள்ளை தேறத் தேறக் குறைந்துகொண்டே வர வேண்டும். சுவர் காய்ந்த பிறகும் சாரம் நின்றால் வீட்டுக்காரன் விட மாட்டான். படிப்பில் மட்டும் பத்து வருஷம் நின்றாலும் மாதாமாதம் வாடகை கொடுக்கிறோம்.

முதலில் ட்யூஷன். அதிகம் பேர் போவது அங்கேதான், அதிகம் சொல்ல வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

ட்யூஷனைத் திட்டுவது ஆசிரியர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நான் அதைச் செய்யப் போவதில்லை. வீட்டில் பத்தாவது தாண்டியவர் யாருமில்லை, சந்தேகம் கேட்க ஆளில்லை, இருக்கிற ஒரே அறையில் டிவி ஓடுகிறது என்றால் ட்யூஷன்தான் அந்தப் பிள்ளைக்கு மேசை, விளக்கு, வாத்தியார் எல்லாம். ஆனால் இந்தப் பையனின் நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஜூனில் பள்ளி திறந்தால் நாலரைக்கு வருவான். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துக் காரைக்குடி, எட்டரை வரை ட்யூஷன், வீடு திரும்ப ஒன்பதே கால். சாப்பிட்டுவிட்டு ட்யூஷன் வீட்டுப்பாடம். இதில் அவனாக எதையாவது யோசித்துத் தீர்மானிக்க ஒரு கால் மணி நேரம்கூட இல்லை.

அங்கே என்ன நடக்கிறது? சார் பலகையில் போடுகிறார், பையன் எழுதுகிறான், சார் திரும்பவும் போட்டுக் காட்டுகிறார், பையனுக்குப் புரிகிறது. நிஜமாகவே புரிகிறது, அதுதான் சிக்கல். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைப் படித்துவிட்டுத் திரும்பவும் படிக்க வேண்டும். இன்னொரு பத்தியைப் படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்ததில் 81 சதவீதம் நினைவிருந்தது, மூடி எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அது தலைகீழானது: திரும்பப் படித்தது 42, மூடி எழுதியது 56.

அந்த முதல் ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் நாமும் பிள்ளைகளும் ஏமாறுகிறோம். ட்யூஷனிலிருந்து வரும் பிள்ளை "எல்லாம் புரிஞ்சிருச்சு" என்று சொல்வது பொய்யே இல்லை. ஒரு வாரம் கழித்து அதே பிள்ளை பரீட்சை ஹாலில் விழிப்பதும் பொய்யில்லை. 2013இல் டன்லாஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துச் சீர்தூக்கினார்கள். தன்னைத்தானே சோதிப்பது, இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்ப்பது, இந்த இரண்டுக்கு மட்டும்தான் உயர்ந்த இடம். மஞ்சள் பேனாவால் அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசை. நம் வீடுகளில் 'படிக்கிறான்' என்று நாம் சந்தோஷப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசையைப் பார்த்துத்தான்.

ட்யூஷனிலும் டெஸ்ட் வைக்கிறார்களே என்று தங்கை கேட்டாள். வைக்கிறார்கள், தினமும். ஆனால் எதிலிருந்து டெஸ்ட் என்பது சார் தீர்மானம், திருத்துவது சார், தப்பை வட்டம் போட்டுச் சரியான விடையை எழுதித் தருவதும் சார். பிள்ளை செய்வது டெஸ்டின் கால்வாசி வேலை. மாதம் 1,500 ரூபாய் கொடுத்து மீதி முக்கால் வாசியை வெளியே விட்டுவிடுகிறோம்.

எங்கள் ஐயா 14 வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் ஈப்போவில் ஒரு மார்க்காவில் (லேவாதேவிக் கடை) பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். கடை கூட்டுவது, கடிதம் நகல் எடுப்பது, ராத்திரி அன்றைய வரவு செலவைக் கூட்டிப் போடுவது. அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: கூட்டல் நேராகவில்லை என்றால் அடுத்தாள் (கடை மேலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) பேரேட்டை அப்படியே திரும்ப நகர்த்துவாராம். "நேராகலை, பாரு." எந்த வரியில் தப்பு என்று சொல்ல மாட்டார். அவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டார். மூணு வருஷக் கணக்கு, அதாவது ஒரு தவணை வேலை, முடிந்து ஊருக்கு வரும்போது ஐயாவுக்கு ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுக்கத் தெரிந்திருந்தது. அடுத்த கணக்குக்குப் போனபோது அவரே அடுத்தாள். சாரம் பிரிக்கிற தேதி அங்கே வேலையிலேயே எழுதியிருந்தது. அந்தக் காலத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. 14 வயதுப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு மூணு வருஷம் அவரைப் பெற்ற ஆத்தா அழுதிருக்கிறாள். ஆனால் 'நேராகலை, பாரு' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

ஹாஸ்டல் பள்ளியைப் பற்றி நீட்டப் போவதில்லை. விடிகாலை ஐந்துக்கு மணி, ராத்திரி பத்துக்கு விளக்கணைப்பு, இடையில் ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்வது என்று அட்டவணை. மார்க் வரும். வீட்டில் குடிப்பழக்கம், சண்டை என்று இருக்கும் பிள்ளைக்கு அது உயிர் காக்கும் இடமாகவும் இருக்கும். ஆனால் என் முதல் கேள்விக்கு அங்கே பதில் சுவரில் மாட்டியிருக்கிறது. அப்படிப் படித்து நல்ல மார்க்கோடு பொறியியலுக்குப் போய், மணியடிக்க ஆளில்லாத முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்த பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். சேர்க்கிறவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒன்பதாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் நடத்துவீர்களா? பதினொன்றாம் வகுப்பிலேயே அந்த வருஷப் பாடத்தைத் தாண்டிப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார்கள் என்றுதான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26இலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது கேட்க வேண்டியது நீங்கள்தான்.

செயலி. பார்க்க இதுதான் பிள்ளையின் கையில் கடிவாளத்தைக் கொடுப்பது போல இருக்கும். வேண்டியதைப் பார்க்கலாம், நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம். வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் பெண்பிள்ளைகள் இதில் நிம்மதியாகப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வீடியோ பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதும் ஒன்றே. அழகாகப் போட்டுக் காட்டும்போது எல்லாம் புரியும். செயலி விற்க வந்த ஆள் பையனிடம் விட்டுப்போன மாதிரி வீடியோவைப் போட்டேன். கேள்வி திரையில் வந்தது, நிறுத்தச் சொன்னேன். "எதுக்கு பெரியம்மா? இப்ப அவங்களே போடுவாங்க" என்றான்.

இதற்காகக் கடன் வாங்கவும் தேவையில்லை. 2018இலிருந்து வந்த நம் பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் இலவசம். விற்க வருகிறவர் நீட்டும் தாளில் 'மாதத் தவணை' என்று இருப்பது உண்மையில் உங்கள் பேரில் எடுக்கும் கடனா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் படித்துப் பாருங்கள். செயலி வைத்திருக்கிற வீட்டில் ஒரே ஒரு விதி போதும்: கேள்வி வந்ததும் நிறுத்து, நோட்டில் போடு, அப்புறம் ஓட்டு. இதைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் ரீல்ஸ் வந்து உட்கார்ந்துவிடும்.

தங்கை வீட்டுக்காரரின் 'வீட்டுலயே' கட்சிக்கு வருகிறேன். அவர் சொன்ன மாதிரியே விட்டால் இதுதான் நாலிலும் மோசம். தனியாக உட்கார்ந்து படிப்பதும் தானாகப் படிப்பதும் வேறு வேறு. என்ன தெரியாது என்பதே தெரியாத பிள்ளை தனியாக உட்கார்ந்தால், தெரிந்த பாடத்தையே திரும்பப் படிக்கும், ஏனென்றால் அதுதான் சுகமாக இருக்கும். 2009இல் வந்த இன்னொரு ஆய்வில் 177 கல்லூரி மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 84 சதவீதம் பேர் திரும்பப் படிப்போம் என்றார்கள். மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்போம் என்றவர்கள் 11 சதவீதம். கல்லூரிக்காரர்களே இப்படி என்றால் 13 வயதுப் பையன் தானாக அந்த 11க்குள் வருவானா?

இந்த வழியை உதறவும் மனமில்லை, என் மூன்று கேள்விக்கும் ஏற்றபடி மாற்ற இடம் இருப்பது இதில் மட்டும்தான். ஆகவே இதையே கொஞ்சம் செப்பனிட்டோம். தங்கை வீட்டு முகப்பு பகலெல்லாம் சும்மா கிடக்கிறது. அதே தெருவில் ஒன்பதாவது படிக்கும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டோம். ஆறிலிருந்து ஏழரை. பள்ளி விட்டு நான் போய் உட்காருவேன், பாடம் நடத்த மாட்டேன்.

உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிஷம் புத்தகத்தை மூடிவைத்து, இன்று வகுப்பில் நடந்ததை நினைவிலிருந்து எழுத வேண்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பில் அவர்களே சேர்க்க வேண்டும். சிவப்புப் பேனா அவர்கள் கைக்கு மாறிய அன்று மூவருக்கும் ஒரே குஷி. சிவப்பு அதிகமாக இருக்கும் பாடம் எதுவோ அதுதான் இன்றைய படிப்பு. நான் சொல்ல வேண்டியதில்லை, பக்கமே சொல்லிவிடும்.

அடுத்தது டப்பா. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமா? நம் பக்கத்துப் பத்திரிகை தாம்பாளம் கனம் இருக்கும். அவற்றை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் கேள்வி, ஓரத்தில் சின்னதாக விடை இருக்கும் பாடப் பக்க எண். பிஸ்கட் டப்பாவில் அட்டை வைத்து மூன்று தடுப்பு. முதல் தடுப்பு தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தப்பினால் எந்தத் தடுப்பிலிருந்தாலும் முதலுக்குத் திரும்பும். லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1972இல் எழுதியதுதான் இந்த டப்பா யோசனை. தேதி நாள் எல்லாம் நம் வசதிக்கு. கேள்வியை அவர்களே எழுத வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. முதல் வாரக் கேள்விகள் எல்லாம் 'வரையறு', 'வரையறு' என்றே இருந்தன. ஆகஸ்டில் ஒரு அட்டையில் "ஐஸ் ஏன் தண்ணியில மிதக்குது, இரும்பு மட்டும் ஏன் மிதக்கல? அப்ப கப்பல்?" என்று பார்த்தேன்.

என் வேலை இரண்டே வார்த்தை: நேராகலை, பாரு. வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது கணக்கு டீச்சருக்கு எவ்வளவு கஷ்டம் என்று சக டீச்சர்களுக்குத் தெரியும். 2007 வாக்கில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துப் பிள்ளையே தன் அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். "அப்ப நாங்க எதுக்கு?" என்று அன்றைக்குக் குறைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

எல்லாம் சுபமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் முகப்பில் படிப்பைவிட ஐபிஎல் கதைதான் அதிகம். அட்டை வெட்டுவதிலேயே ஒரு மாலை போனது. ஜூலையில் நடந்த பரீட்சையில் பையன் கணக்கில் 64. எட்டாவதில் அவன் 71 எடுத்தவன். தங்கை வீட்டுக்காரர் மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு ட்யூஷன்லயே விட்டிருக்கலாம்ல?" என்றார். எனக்கு முகம் சுருங்கித்தான் போனது. ரோடிகர், கார்ப்பிக் என்றெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? விடைத்தாளை வாங்கிப் பையனிடமே கொடுத்து, போன 36 மார்க்கும் எங்கே போனது என்று எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதினான். தெரியாதது 14, தெரிந்தும் அவசரத்தில் விட்டது 13, கேள்வியைச் சரியாகப் படிக்காதது 9. அப்பா அந்தத் தாளை மார்க் ஷீட்டைவிட அதிக நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மில்லிலிருந்து வந்ததும் டப்பாவைத் திறந்து இரண்டு அட்டை கேட்பது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. விடை அவருக்குத் தெரியாது. ஓரத்தில் இருக்கும் பக்க எண்ணைப் பார்த்துப் புத்தகத்தில் தேடுவார்.

ட்யூஷனை நாங்கள் முழுக்கக் கைவிடவும் இல்லை. தெருவில் ஒருவர் சனிக்கிழமை மட்டும் அறிவியல் சொல்லித் தருகிறார். சந்தேகத்தை எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் வாசல் திறப்பார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கேள்வி கையில் இருந்தால் போவது, இல்லாவிட்டால் போகாமல் இருப்பது. இப்படி ஒருவர் உங்கள் ஊரில் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டில் உட்கார யாருமே இல்லை என்றால் இவரைப் போன்ற ஒருவரும், பக்கத்து வீட்டில் படிக்கிற ஒரு பிள்ளையும் போதும். அதுவும் வாய்க்காவிட்டால் சாயங்கால ட்யூஷனே நல்லது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றையாவது அதற்குக் கொடுக்காமல் பிடித்து வையுங்கள்.

சாரத்தைப் படிப்படியாகத்தான் பிரித்தேன். ஜூனில் தினமும் போனேன், செப்டம்பரிலிருந்து வாரம் மூன்று நாள், பொங்கல் முடிந்து வெள்ளிக்கிழமை மட்டும். போன வெள்ளி போனபோது மூவரும் முகப்புத் திண்ணையில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். பையன் ஏதோ மூலத்தைச் சுருக்கி முடித்திருந்தான். எட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில், "சரியாடா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருங்க பெரியம்மா, இன்னும் வர்க்கப்படுத்திப் பாக்கல" என்றான், தலையைத் தூக்காமல்.